ஏரிக்கு உயிர் வந்தது, ஏரிக்கரைக் கூலிகளுக்கு?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு வடமேற்கே, அபோப்கா என்றொரு பெரிய நன்னீர் ஏரி இருக்கிறது. பரப்பு சுமார் 30,000 ஏக்கர். ஆனால் சராசரி ஆழம் ஏறக்குறைய 5 அடிதான்.

சூழலியல் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். உரச்சத்து மிகுந்துபோய் ஓர் ஏரி எப்படிச் சாகிறது, அதை மீட்க என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்கு அபோப்கா அடிக்கடி காட்டப்படும் உதாரணம். நாம் இதைப் படிக்க வேண்டிய காரணம் வேறு. ஏரியைக் கெடுத்தவர்களுக்கு விலை கொடுத்து, செத்த பறவைகளை எண்ணி, நீரில் இருக்கும் பாஸ்பரஸை அளந்து நடந்த இந்த மீட்பில், அரை நூற்றாண்டு அந்த மண்ணில் குனிந்து வேலை செய்த கறுப்பினக் கூலிகள் மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டால், பதில் ஏரிக்குள் இல்லை. கரையில் நிலம் யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

தண்டவாளத்துக்குத் தெற்கே

ஏரியின் கிழக்குப் பக்கத்தில் ஒக்கோயி என்றொரு சிற்றூர். 1920 நவம்பர் 2, தேர்தல் நாள். அந்த ஊரில் வாக்களிக்கப் போன கறுப்பின மக்களை வெள்ளையர்கள் தடுத்தார்கள். அன்றிரவு கும்பல் புகுந்து வீடுகளையும் தேவாலயங்களையும் கொளுத்தியது. சொந்த நிலம் வைத்திருந்தவரும், மற்றவர்களை வாக்காளராகப் பதிவுசெய்யத் தூண்டியவருமான ஜூலை பெர்ரி சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கில் தொங்கவிடப்பட்டார். எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பது இன்றுவரை முடிவாகவில்லை. உயிர் பிழைத்தவர்கள் நிலத்தையும் பழத்தோட்டத்தையும் விட்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஒக்கோயி வெள்ளையர் ஊராகவே இருந்தது.

ஏரிக்கு வடகிழக்கே இருக்கும் அபோப்கா நகரம் 1937இல் ஒரு விதி போட்டது. ரயில் தண்டவாளத்துக்குத் தெற்கே மட்டுமே கறுப்பின மக்கள் குடியிருக்கலாம். இது வாய்வழி வழக்கம் அல்ல, எழுதி நிறைவேற்றிய நகரசபைச் சட்டம். 1968 வரை நடைமுறையில் இருந்தது. ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை. விதி போன பிறகும் கோடு போகவில்லை. தெற்குப் பகுதியில் தார்ச்சாலை இல்லை, குடிநீர்க் குழாய் சரியில்லை, மழைநீர் வடிகால் இல்லை என்று அந்த மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நகர நிர்வாகம் வேண்டுமென்றே பாகுபாடு காட்டியது என்பதை 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது.

ஏரிக்கரை வயல்களுக்கு ஆள் போனது தண்டவாளத்துக்குத் தெற்கே இருந்த இந்தத் தெருக்களிலிருந்துதான்.

சதுப்பை வெட்டிய கரை

ஏரியின் வடகரை முழுக்க ஒரு காலத்தில் கோரையும் நாணலும் அடர்ந்த சதுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மடிந்த செடிகள் நீருக்கடியில் படிந்து படிந்து, கன்னங்கரேலென்ற மக்குமண்ணாகி இருந்தது. ஏரிக்கு வரும் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நீரைத் தெளிவாக விடுவது இந்தச் சதுப்பின் வேலை. ஏரியின் சிறுநீரகம் என்று சொன்னால் தப்பில்லை. அப்போது ஏரி நீர் அடிவரை தெரியும். பாஸ் மீன் பிடிப்பதற்காக நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

1941இல் மாநிலச் சட்டமன்றம் வடகரையில் ஒரு வடிகால் மாவட்டத்தை உருவாக்கியது. உலகப் போர்க்காலம். நாட்டுக்கு உணவு வேண்டும் என்ற முழக்கம். ஏரிக்கும் சதுப்புக்கும் நடுவே நீளமாகக் கரை எழுப்பி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து வெளியேற்றி, சுமார் 20,000 ஏக்கர் சதுப்பை வயலாக்கினார்கள். சோளம், கேரட், முள்ளங்கி, செலரி, கீரை என்று ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் விளைந்தது.

ஆனால் மக்குமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. நீருக்கடியில் இருக்கும்வரை அது அப்படியே கிடக்கும். தண்ணீரை வடித்துக் காற்றுப் பட விட்டால் நுண்ணுயிரிகள் அதைத் தின்னத் தொடங்கும். மண் கரைந்து தாழும். பூட்டி வைத்திருந்த பாஸ்பரஸும் நைட்ரஜனும் வெளியே வரும். ஆண்டுகள் போகப் போக வயல் மட்டம் ஏரி மட்டத்துக்குக் கீழே இறங்கியது. மழை பெய்தால் இறைக்க வேண்டும். கோடையில் நூற்புழுவை ஒழிக்கவும் மண் கரைவதைக் குறைக்கவும் வயலில் நீரைத் தேக்குவார்கள். பயிர் வைக்கும் காலம் வந்ததும் அந்த நீரை, உரமும் மருந்தும் கரைந்த நீரை, பம்பு வைத்துத் திரும்ப ஏரிக்கே தள்ளுவார்கள்.

இதற்கும் முன்பே, 1920களிலிருந்து தென்கரையில் இருந்த வின்டர் கார்டன் நகரத்தின் சாக்கடையும் ஆரஞ்சுப் பழச்சாறு ஆலைகளின் கழிவும் ஏரியில்தான் கலந்தன. ஆனாலும் ஏரிக்குள் போன பாஸ்பரஸில் பெரும்பங்கு வடகரைப் பண்ணைகளுடையது.

தெளிந்த நீர் பச்சையானது எப்படி

ஆழமில்லாத ஏரிகள் இரண்டு நிலைகளில் இருக்கக்கூடியவை. ஒன்று, அடியில் செடிகள் வளர்ந்து நீர் தெளிந்திருக்கும் நிலை. செடிகளின் வேர் சேற்றைப் பிடித்திருக்கும், சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இன்னொன்று, நுண்பாசி பெருகி நீர் பச்சைக் குழம்பாக இருக்கும் நிலை. பாஸ்பரஸ் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பாசி பெருகும்; பாசி வெயிலை மறைக்கும்; வெயில் படாத செடி சாகும்; செடி செத்தால் சேற்றைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பிறகு காற்றடித்தாலே 5 அடி நீரின் அடிச்சேறு கலங்கி மேலே வரும். அந்தச் சேற்றிலிருந்து இன்னும் பாஸ்பரஸ், அதிலிருந்து இன்னும் பாசி. ஒருமுறை இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால், கழிவை நிறுத்திய பிறகும் ஏரி தானாக நிமிராது. அபோப்காவில் நடந்தது இதுதான்.

1947இல் ஒரு சூறாவளி அடித்தது. அடிச்செடிகள் பிடுங்கப்பட்டன. அதே ஆண்டு ஏரி முதன்முதலாகப் பாசியில் பச்சையானது. ஏரி கெட்டதற்குச் சூறாவளிதான் காரணம் என்று ஒரு தரப்பு நெடுங்காலம் வாதாடியது. புளோரிடாவுக்குச் சூறாவளி புதிதல்ல. அதற்கு முன்பும் அடித்திருக்கிறது. ஏரி தானே தேறியிருக்கிறது. இந்த முறை தேற முடியாதபடி செய்தது, சதுப்பை இழந்த கரையும் அதன் வழியாக வந்த உரச்சத்தும்தான் என்பது மீட்புப் பணியில் இருந்த அறிவியலாளர்களின் முடிவு.

பாஸ் மீன் குறைந்தது. கிஸார்ட் ஷாட் என்ற, சேற்றைக் கிளறி வாழும் மீன் பெருகியது. 1950களின் இறுதியில் அந்த மீனை ஒழிக்க ஏரியில் மருந்து கலந்தார்கள். செத்த மீன்கள் டன் கணக்கில் ஏரியிலேயே கிடந்து அழுகின. அவற்றின் உடம்பில் இருந்த பாஸ்பரஸ் மறுபடி நீருக்கே வந்தது. 1980இல் தென்மேற்குப் பக்கம் இருந்த ஒரு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து டிடிடி கலந்த கழிவு வழிந்து ஏரியில் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அலிகேட்டர் குட்டிகள் ஏறக்குறைய இல்லாமல் போயின. லூயி கில்லெட் என்ற உயிரியலாளர் தலைமையில் நடந்த ஆய்வுகள், அந்த முதலைகளின் ஹார்மோன்களும் இனப்பெருக்க உறுப்புகளும் சிதைந்திருப்பதை உலகத்துக்குக் காட்டின. அபோப்கா உலகப் புகழ் பெற்றது, முதலையால்.

வயலில் இருந்தவர்கள்

முதலை நீந்திய நீர் வந்த வயலில் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தாத்தா, மகள், பேரன் என்று மூன்று தலைமுறை. விடியும் முன் கங்காணியின் வண்டி வரும். வெட்டிய, கட்டிய பெட்டிக்கு இத்தனை என்று கூலி. ஆட்கள் வயலில் இருக்கும்போதே சிறு விமானம் தலைக்கு மேலே மருந்தடித்துக்கொண்டு போகும் என்று அந்த முதியவர்கள் திரும்பத் திரும்பச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மருந்து படிந்த துணியோடு வீடு திரும்பி அதே துணியோடு பிள்ளையைத் தூக்குவார்கள். பிற்காலத்தில் ஹெய்ட்டியிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள் இவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.

சட்டம் என்ன செய்தது? தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்து பேரம் பேசும் உரிமையைத் தந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளை விலக்கி வைத்தது. குறைந்தபட்சக் கூலியைக் கொண்டுவந்த 1938ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. தென்மாநில வெள்ளைப் பண்ணையாளர்களின் அரசியல் பலம் இதற்குப் பின்னால் இருந்ததைப் பல வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சட்டத்தில் கறுப்பர் என்ற சொல் எங்கும் இல்லை. விவசாயக் கூலி, வீட்டுவேலை செய்பவர் என்றுதான் இருந்தது. தெற்கில் அந்த இரண்டு வேலைகளையும் யார் செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதிப் பெயர் சொல்லாமலே சாதியை விலக்கும் சட்டங்களை நாமும் பார்த்தவர்கள்தான்.

விலை கொடுத்து வாங்கிய மீட்பு

1985இல் ஏரி மீட்புக்கென்று மாநிலம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 1996இல் இன்னொரு சட்டம்: ஏரி நீரில் பாஸ்பரஸ் 100 கோடியில் 55 பங்கு என்ற அளவுக்கு இறங்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கூடவே, வடகரைப் பண்ணைகளை அரசே விலைக்கு வாங்க வழி செய்தது. செயின்ட் ஜான்ஸ் ஆற்று நீர் மேலாண்மை மாவட்டம் என்ற அரசு அமைப்பு பேரம் பேசி முடித்தது. பெரும்பாலான பண்ணைகள் 1998க்குள் மூடப்பட்டன. நில உடைமையாளர்களுக்குப் போன தொகை மொத்தம் சுமார் 10 கோடி டாலர்.

ஐம்பது ஆண்டுகளாக ஏரியைக் கெடுத்ததற்கு யாரும் அபராதம் கட்டவில்லை. கெடுப்பதை நிறுத்த அவர்களுக்கு விலை கொடுக்கப்பட்டது. அது சரியா என்பது ஒரு கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, அதே நாளில் வேலை இழந்த சுமார் 2,500 கூலிகளைப் பற்றியது. நிலத்துக்கு விலை உண்டு. ஆகவே நிலம் வைத்திருந்தவருக்குப் பணம் உண்டு. கூலியிடம் இருந்தது உடம்பு. அதற்கு யாரும் விலை பேசவில்லை. வேறு வேலைக்குப் பயிற்சி என்று பேச்சு இருந்தது. படிப்பு குறைவாக, ஐம்பது வயது தாண்டி, மூட்டும் மூச்சும் தேய்ந்து நின்றவர்களுக்கு அந்தப் பேச்சால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பண்ணைக் குடியிருப்பில் இருந்தவர்களுக்கு வேலையோடு வீடும் போனது.

பறவைகள் இறந்த குளிர்காலம்

1998இன் கடைசி மாதங்களில், வாங்கிய வயல்களில் நீர் நின்றது. பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. அந்த டிசம்பரில் பறவை ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் சில வாரங்கள்தான். வெண் கூழைக்கடாக்களும் கொக்கு, நாரைகளும் செத்து விழத் தொடங்கின. வசந்தம் வருவதற்குள் இறந்த பறவைகள் ஏறக்குறைய 1,000. உடல்களைச் சோதித்தபோது டாக்சபீன், டீல்ட்ரின், டிடிடி வகை நஞ்சுகள் இருந்தன. அமெரிக்காவில் டிடிடி 1972இலேயே தடைசெய்யப்பட்டது. ஆனால் மண் எதையும் மறக்கவில்லை. வயலில் கிடந்த நஞ்சு மீனுக்குப் போய், மீனிலிருந்து பறவைக்குப் போனது.

உடனே வயல்களிலிருந்து நீர் வடிக்கப்பட்டது. மத்திய அரசு விசாரணை நடத்தியது. மண்ணை இடம் இடமாகத் தோண்டிச் சோதித்தார்கள். பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. கடைசியில், ஆயிரக்கணக்கான ஏக்கரில் மேல்மண்ணை ஆழத்துக்கும் ஆழத்து மண்ணை மேலுக்கும் புரட்டிப் போடும் பெரிய கலப்பைகளைக் கொண்டுவந்து உழுதார்கள். அதன் பிறகே அந்தப் பகுதிகளில் மறுபடி நீர் விட்டார்கள்.

சில மாதம் அந்த வயலில் மீன் தின்ற பறவைக்கு இவ்வளவு நடந்தது. வாழ்நாள் முழுக்க அந்த வயலில் நின்றவர்களுக்கு? அபோப்காவில் அலுவலகம் வைத்திருக்கும் புளோரிடா பண்ணைத் தொழிலாளர் சங்கம் இந்தக் கேள்வியை விடாமல் கேட்டது. பறவைக்கும் முதலைக்கும் செய்த சோதனையை எங்களுக்கும் செய்யுங்கள் என்றார்கள். அதே பணத்தோடும் அதே அவசரத்தோடும் அது நடக்கவில்லை. 2006இல் சங்கமே 148 முன்னாள் தொழிலாளர்களிடம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தது. ஏறக்குறைய எல்லோரும் பூச்சிக்கொல்லி தங்கள்மேல் பட்டதைச் சொன்னார்கள். பெரும்பாலோர் தங்கள் உடல்நிலை நன்றாக இல்லை என்றார்கள். மூட்டுவலி, தோல்நோய், மூச்சிரைப்பு, சிறுநீரகக் கோளாறு, லூபஸ் என்று பட்டியல் நீண்டது.

ஜெரால்டீன் மாத்யூ போன்ற, வயலிலிருந்து வந்த பெண்களே இந்தப் போராட்டத்தை முன்னெடுத்தார்கள். இறந்துபோன உடன் வேலைக்காரர்களை நினைவில் வைக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு துணித்துண்டு என்று தைத்து, இணைத்து, நினைவுப் போர்வைகள் செய்தார்கள். லிண்டா லீ அதில் முன்னின்றார். அந்தப் போர்வைகளைச் சட்டமன்றத்துக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொண்டுபோய் விரித்துக் காட்டினார்கள். அரசு எடுக்காத கணக்கைத் துணியில் எடுத்தார்கள்.

2012இல், இந்தத் தொழிலாளர்களின் மருத்துவ வசதிக்காக மாநில பட்ஜெட்டில் 5 லட்சம் டாலர் சேர்க்கப்பட்டது. அங்கே மாநில ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். அன்றைய ஆளுநர் ரிக் ஸ்காட் அந்தத் தொகையை ரத்துசெய்தார். வேலை இழந்த 2,500 பேருக்கும் பிரித்தால் தலைக்கு 200 டாலர். நிலக்காரர்களுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்கு. அதுவும் கொடுக்கப்படவில்லை.

ஏரி தெளிகிறது

மீட்பு பொய் என்று சொல்ல வரவில்லை. அது நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. 1993 முதல் கிஸார்ட் ஷாட் மீன்களை வலைபோட்டுப் பிடித்து வெளியேற்றுகிறார்கள். இந்தமுறை ஏரியில் அழுகவிடவில்லை. மீனோடு பாஸ்பரஸும் வெளியே போகிறது. 2003 முதல் ஏரி நீரைச் செயற்கைச் சதுப்புக்குள் ஓடவிட்டு, பாசியும் வண்டலும் படிந்த பிறகு வெளியே விடுகிறார்கள். ஒரு காலத்தில் இலவசமாக நடந்த வேலையை இன்று பெரும் செலவில் செய்ய வேண்டியிருக்கிறது. நீரில் பாஸ்பரஸ் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அடிச்செடிகள் சில இடங்களில் மறுபடி முளைத்திருக்கின்றன. 2015இல் வடகரை வயல்கள் வழியாக 11 மைல் பாதையைத் திறந்தார்கள். வார இறுதியில் மக்கள் காரில் போய்ப் பறவை பார்க்கிறார்கள்.

ஏரி தெளிவது நல்லது. தண்டவாளத்துக்குத் தெற்கே இருப்பவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஏரி வேண்டாம் என்று அவர்கள் சொன்னதே இல்லை. எங்களையும் சேர்த்து மீட்டுக்கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

நமக்கு இதில் என்ன?

1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டூ பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. இரண்டு மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அவர் அதில் குறிப்பிட்டார். டூ பாய்ஸும் பதில் எழுதினார். ஒருவர் வரலாற்றை இன்னொருவர் படிப்பது அந்த வழியில் வந்த வேலை.

1927இல் மகாத் சவதார் குளத்தில் பாபாசாகேப் நீர் அள்ளிக் குடித்தபோது கேள்வி தாகம் மட்டுமல்ல. பொது நீர்நிலை யாருடையது என்பதே கேள்வி. இன்று அந்தக் கேள்வி புது உருவில் வருகிறது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் மீட்கிறோம் என்று கரையோரக் குடும்பங்களை, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், நகரத்தின் விளிம்பில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டி. ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற வெளியேற்றி, இன்னொரு நீர்நிலையின் வெள்ளத்தில் குடிவைப்பது என்ன மீட்பு?

ஆகவே, உங்கள் ஊரில் ஏரி மீட்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டால், எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று முடிவெடுப்பதற்கு முன் திட்ட அறிக்கையைக் கையில் வாங்குங்கள். சத்தும் கழிவும் எங்கிருந்து வருகின்றன, யாருடைய வயல், யாருடைய ஆலை, எந்த நகராட்சியின் சாக்கடை என்று பெயரோடு இருக்கிறதா பாருங்கள். இழப்பீடு எதை வைத்து என்று பாருங்கள். பட்டாவை வைத்து மட்டும் என்றால், பட்டா இல்லாதவர்கள் முதல் பக்கத்திலேயே நீக்கப்பட்டுவிட்டார்கள். கூலி வேலை செய்தவர், மீன் பிடித்தவர், துணி வெளுத்தவர், கோரை அறுத்தவர் என்று பட்டியல் உண்டா? நீரையும் மண்ணையும் சோதிக்க ஒதுக்கிய பணத்தில், அந்த மண்ணைத் தொட்டவர்களின் ரத்தத்தைச் சோதிக்க ஒரு பங்கு உண்டா? பட்டியல் இல்லையென்றால் நீங்களே எடுங்கள். அபோப்காவில் 148 பேரிடம் போய் எழுதியவர்கள் அரசு அதிகாரிகள் அல்ல, சங்கத்துக்காரர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். பண்ணை மூடுவதற்கு முன்பே, வீடு இடிப்பதற்கு முன்பே அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.